புதுப்பிப்பு: உணவக ஒப்பந்தமும் தகுதி நிபந்தனையும்

அறிவிப்பில் கேட்ட அனுபவம் இல்லாதவருக்கு அரசு நிறுவனம் உணவக ஒப்பந்தம் அளித்தால் நீதிமன்றம் தலையிடுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ரமணா தயாராம் ஷெட்டி வழக்கின் 1979-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இதற்கு விடை உள்ளது.

பம்பாய் விமான நிலையத்தில் இரண்டாம் தர உணவகம் நடத்த 5 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று அறிவித்துவிட்டு, அது இல்லாதவரின் டெண்டரை ஏற்றது சமத்துவ உரிமைக்கு முரண் என்றும், தளர்வு உண்டெனத் தெரிந்திருந்தால் வேறு பலரும் போட்டியிட்டிருக்கக்கூடும் என்றும் நீதிமன்றம் கூறியது. நிபந்தனையை நம்பி ஒதுங்கியவர்களுக்கும் அநீதி நேர்கிறது என்பதால், இந்தக் காரணமே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

ஆயினும் ஒப்பந்தம் ரத்தாகவில்லை. மனுதாரர் டெண்டரே அளிக்காதவர். 5 மாதங்களுக்கு மேல் தாமதித்தார். அதற்குள் ஒப்பந்ததாரர் பெருந்தொகை செலவிட்டிருந்தார். ஆகவே, பாதிக்கப்பட்டவர்கள் ஒப்பந்த ஆணை வெளியானதுமே மனு தாக்கல் செய்து இடைக்காலத் தடை கோருவது அவசியம்.