புதுப்பிப்பு: உதைப்பு குறைந்த மான் ரைஃபிள், எடை பற்றி ஒரு திருத்தம்

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்கு, சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கு .243 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கான ரைஃபிள் ஏற்றது என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் மாற்றமில்லை. ரைஃபிளின் எடை பற்றி அதில் இருந்த "எவ்வளவு இலேசோ அவ்வளவு நல்லது" என்ற வரியை மட்டும் நீக்கிவிடுங்கள், அது தவறு.

ஒரே தோட்டாதான் என்றாலும் துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதைப்பு, அதாவது சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தோளில் இடிப்பது, ஏறும். 100 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டுக்கு, ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஏழரை பவுண்டு ரைஃபிளில் உதைப்பு சுமார் 9 அடி-பவுண்டு (ஆற்றல் அலகு). அதே ரைஃபிள் 6 பவுண்டானால் 11-ஐத் தாண்டும். ஸ்கோப்போடு சேர்த்து 7 பவுண்டுக்குக் கீழே போகாதீர்கள்.

எடையைவிட முக்கியம், தோளில் வைக்கும் கட்டையின் நீளம். விசையிலிருந்து பின்முனை வரை வழக்கமாக பதின்மூன்றரை அங்குலம் இருக்கும். சிறியவர்களுக்குப் பன்னிரண்டரை போதும். நீளம் கூடினால் கட்டை தோள்குழியில் படியாமல் புயத்துக்கு நழுவும். குறைந்த உதைப்பும் அங்கே வலிக்கும். ஸ்கோப்பை எட்ட முகத்தை முன்னே தள்ளுவார்கள், உதைப்பில் ஸ்கோப் பின்னே வந்து புருவத்தைக் கிழிக்கும்.

குழல் முனையில் பொருத்தும் முனை பிரேக், வாயுவைப் பக்கவாட்டில் திருப்பி உதைப்பைக் குறைக்கும், ஆனால் சத்தம் கடுமையாகும். காதுக் கவசமின்றிச் சுடவே கூடாது.

உதைப்பு இன்னும் குறைவென்று 55 கிரெய்ன் குண்டை மானுக்கு எடுக்காதீர்கள். சிறு விலங்குகளுக்கான அந்தக் குண்டு ஆழம் போகாமல் சிதறும். மான் காயத்தோடு ஓடிவிடும். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். குண்டு மாறினால் படும் இடமும் மாறும் என்பதால், வேட்டைக்கு முன் 100 கிரெய்னில் ஸ்கோப்பை மறுபடி ஸீரோ செய்யுங்கள், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்யுங்கள்.