சிஞ்சோட்டி அருவிக்கு ஜூலையில் குழுவாகச் செல்லலாமா?

செம்பூர்வாசி:
எங்கள் குடியிருப்பிலிருந்து 11 பேர், ஜூலை இரண்டாம் ஞாயிறன்று மும்பையை அடுத்த வசாய் அருகேயுள்ள சிஞ்சோட்டி அருவிக்குச் சென்று மாலைக்குள் திரும்ப எண்ணியுள்ளோம். அறுபதைத் தாண்டிய இருவரும் பள்ளிப் பிள்ளைகள் மூவரும் உடன் வருகிறார்கள். தாதரில் விரார் செல்லும் லோக்கல் ரயிலைப் பிடித்து, நாய்காவ் நிலையத்தில் இறங்கி, நெடுஞ்சாலை வரை ஆட்டோவில் சென்று, பிறகு காட்டுப் பாதையில் நடப்பதாகத் திட்டம். வழிகாட்டி தேவையா, பிள்ளைகள் அங்கே குளிக்கலாமா என்று சென்றுவந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும். கயிறு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

முலுண்டு நடையர்:
சகோதரி, வழிகாட்டியைத் தேடுவதற்கு முன் அனுமதி உண்டா என்று பாருங்கள். மழைக்காலத்தில் சிஞ்சோட்டி, துங்காரேஷ்வர் பகுதி அருவிகளுக்குச் செல்வதைத் தடுத்து உத்தரவிடுவது வழக்கமாகிவிட்டதால், அந்த வாரத்தில் உள்ளூர்க் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ கேட்டுவிடுவது நல்லது. தடை இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. இல்லாவிட்டாலும் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்; அருவியடிக் குளம் ஆழமானது, பாறைகள் பாசியேறி வழுக்கும், அங்கே மூழ்கி உயிரிழந்தவர்கள் பலர்.

அருவியைக் காட்டிலும் என்னை அச்சுறுத்துபவை வழியில் குறுக்கிடும் ஓடைகள்தாம். காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை, மலைமேல் ஒரு மணி நேரம் மழை கொட்டினால் இடுப்பளவு ஏறிவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட விழுந்திருக்காது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால் உடனே கரையேறிவிட வேண்டும். ஒருமுறை நாங்கள் திரும்பும் வழியில் மறுகரையில் சிக்கி, நீர் வடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். (கட்டிக்கொண்டு போன புளியோதரைக்கு அன்றுதான் உண்மையான மதிப்பு தெரிந்தது.) கயிறு இருக்கும் துணிச்சலில் நீரில் இறங்கப் பார்த்த நண்பரை இருவர் பிடித்து நிறுத்தினோம். அன்று முதியவர்களோ பிள்ளைகளோ எங்களுடன் இல்லை.

மாட்டுங்கா மாமி:
ஜூலையிலேயே செல்ல வேண்டுமென்றால் போரிவலியில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் கன்ஹேரி போதுமே! நூற்றுக்கும் மேற்பட்ட குடைவரைகளுக்கு நடுவே மழைநீர் பாறைச் சரிவுகளில் வழிந்தோடும். காடும் உண்டு, முழங்கால் வலிக்காரர்கள் உட்காரப் படிகளும் உண்டு. பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு என்றால் ஹார்பர் ரயில் பாதையில் மெகா பிளாக் (பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திவைப்பது) உண்டா என்று முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையேல் செம்பூரிலிருந்து குர்லா வந்து சேர்வதே பெரும் பாடாகிவிடும்.

முலுண்டு நடையர்:
மாமி சொல்வதே சரி. சிஞ்சோட்டியைச் செப்டம்பர் இறுதிக்குத் தள்ளிவையுங்கள். மழை ஓய்ந்த நாளாகப் பார்த்தால் ஓடைகள் அடங்கியிருக்கும், அருவியிலும் நீர் இருக்கும். அப்போதும் பாதை தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கிளைப் பாதைகள் குழப்பும்.

செம்பூர்வாசி:
இருவருக்கும் நன்றி. ஜூலையில் அனைவரும் கன்ஹேரிக்குச் செல்கிறோம். செப்டம்பரில் முதியவர்களும் பிள்ளைகளும் நீங்கலாக மற்ற ஆறு பேர் மட்டும் சிஞ்சோட்டிக்கு. வாங்கிய கயிற்றில் இப்போது பால்கனியில் துணி காய்கிறது, இந்த மழையில் காய்ந்தால்.