வியாழன் கிரகம் சுத்தறதைப் படம் பிடிச்சவங்க, அந்த ராத்திரியைச் சொல்லுங்க

மடிப்பாக்கம்_மாடி
ஒரு சுற்றுக்கு 9 மணி 55 நிமிஷம். சூரியனுக்கு நேர் எதிரே வர்ற காலத்துல ராத்திரி முழுக்க இருக்குமே, முழுச் சுற்றையும் ஒரே மூச்சுல பிடிச்சிடலாம்னு உக்கார்ந்தேன். எட்டு இன்ச் டெலஸ்கோப், பிம்பத்தை ரெண்டு மடங்காக்குற பார்லோ லென்ஸ், கால் மணிக்கு ஒரு வீடியோ. வடக்குப் பட்டையில கன்னங்கரேல்னு ஒரு திட்டு, ஏழரைக்கு நட்டநடுவுல. மறைஞ்சுது. மூணு மணிக்கு அந்தப் பக்க ஓரத்துல சொன்னபடி எட்டிப் பார்த்துது பாருங்க, மாடியில தனியா கை தட்டினேன். அஞ்சரைக்கு முன்ன நடுவுக்கு வந்துட்டா ஜிஃப் வட்டம் முடியும்.

விடிஞ்சா போகி. நாலரைக்கே கீழே மேளம், பழைய பாய், டயர். வியாழனோ நங்கநல்லூர் பக்கம் சரிஞ்சு கிடக்கு. ஸ்கிரீன்ல மங்கிச் செம்பழுப்பாகி, திட்டும் போச்சு, பட்டையும் போச்சு. ஜிஃப் இன்னிக்கும் கடைசியில ஒரு குதி குதிக்குது. பார்க்கிறவங்க யாரும் கவனிக்கறதில்ல, எனக்கு மட்டும் அந்தக் குதிதான் தெரியுது.

குரோம்பேட்டை_சிவப்பு
செவ்வாய்ல இதைவிடக் கொடுமை. அதுக்கு 24 மணி 37 நிமிஷம். 2025 ஜனவரியில தினமும் ஒன்பதரைக்குத்தான் எடுப்பேன், அப்பதான் வேப்பமரத்தைத் தாண்டி வரும். எதிர் வீட்டு மாமா பார்த்துட்டு, “நேத்து காட்டின போட்டோதானே சார் இது?” சிர்டிஸ் மேஜர்னு செவ்வாய்ல இருக்கற கருந்திட்டு முந்தின நாளைவிடப் பத்து டிகிரி போலத்தான் தள்ளியிருக்கு. “சுத்துது மாமா.” “எங்க சுத்துது?” தினம் ஒரே நேரத்துல பார்த்தா முழு உருண்டையும் காட்ட ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள மாமா மகன் வீட்டுக்கு பெங்களூர் போயிட்டார். நான் ஏமாத்தினேன்னு நினைச்சுக்கிட்டேதான் போயிருப்பார்.

தெளிவு_முக்கியம்
மடிப்பாக்கம் சார், புகையை விடுங்க. ஒவ்வொரு வீடியோவும் எவ்வளவு நேரம்? அதைச் சொல்லவே இல்லையே. ரெண்டு நிமிஷத்துல வியாழன் 1.2 டிகிரி திரும்பிடும். வட்டோட நடுவுல அது அரை ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில 3600-ல ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட்), எட்டு இன்ச் பிரிச்சுக் காட்டற நுணுக்கமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதுக்கு மேல எடுத்துட்டு வின்ஜூபோஸ் சாஃப்ட்வேர்ல டீரொட்டேஷன் (கிரகம் திரும்பினதைச் சரிக்கட்டறது) பண்ணாம, ஃப்ரேம்களை அடுக்கிச் சேர்க்கற ஆட்டோஸ்டாக்கர்ட்டுல போட்டா ஓரமெல்லாம் இழுபடும். அப்புறம் மொட்டை மாடித் தளம். பகல்ல குடிச்ச வெயிலை ராத்திரி வெகுநேரம் கக்கும், சாயங்காலமே தண்ணி ஊத்தி ஆற விடுங்க. பக்கத்து வீட்டு ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு மேலாக் குறி வைக்காதீங்க. ஸ்கோப்பை ஏசி ரூம்ல வெச்சு நேரா வெளியே தூக்கிட்டு வராதீங்க, நம்ம ஊர் ஈரக்காத்துக்குக் கண்ணாடி பூத்துடும். கொலிமேஷனை, அதாவது கண்ணாடிகள் நேரா இருக்கறதை, பார்லோவைக் கழட்டிட்டுச் சரி பாருங்க.

என் அனுபவம்: 2024 டிசம்பர் 7, வியாழன் எதிரே வந்த நாள். மேகம்.

மடிப்பாக்கம்_மாடி
ஒண்ணரை நிமிஷம்தான் சார். டீரொட்டேஷனும் பண்ணியாச்சு. டயர் புகையை டீரொட்டேட் பண்ற சாஃப்ட்வேர் இருந்தா லிங்க் அனுப்புங்க.

கைத்தள்ளு_டாப்சோனியன்
கேமரா கிடையாது, கண்ணுதான். அம்மாவைக் கூப்பிட்டு ஐபீஸ்ல வியாழனோட செம்பொட்டை, அந்தப் பெரிய சிவப்புப் புயலைக் காட்டினேன். “ஓரமா ஏதோ வெளிறின மாதிரி இருக்குடா.” கீழே போய் நாடகம் பார்த்து, மாவு வழிச்சு வெச்சுட்டு வந்து திரும்பக் குனிஞ்சாங்க. “இப்ப நடுவுல இருக்கு. டெலஸ்கோப்பை ஆட்டிட்டியா?” இல்லம்மா, அதுவேதான் சுத்துது. மணிக்கு 45,000 கிலோமீட்டர். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கல. “நம்ம பூமியும் சுத்துதுன்னு படிச்சிருக்கேன், பார்த்ததில்ல”ன்னாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு இன்னும் தெரியல.

அயோ_ரசிகன்
வியாழனோட நிலவு அயோவோட நிழல் பின்னாடியே வந்து செம்பொட்டை முந்திக்கிட்டுப் போச்சு. நிழல் நொடிக்கு 17 கி.மீ., பொட்டு 12 கூட இல்ல. ரேஸ் மாதிரி இருந்துது. பெருமையா வீட்டு வாட்ஸ்ஆப் குரூப்ல போட்டேன். சித்தப்பா: “லென்ஸுல கறுப்பா ஏதோ ஒட்டியிருக்கு, துடைச்சிட்டு எடுப்பா.”

தெளிவு_முக்கியம்
தயவுசெஞ்சு துடைச்சிடாதீங்க. முதல்ல ஊதுபந்தால தூசியை ஊதணும், வேட்டித் துணி ஆகவே ஆகாது…