பைக்குக்கும் மலைநடைக்கும் ஒரே ஜோடி பூட்ஸ்: மலையேற்ற பூட்ஸே போதுமா?

மூன்றாம்கியர்:
பயண வீடியோ போடும் ஒருவர் நேற்று அடித்துவிட்டார்: நல்ல மலையேற்ற பூட்ஸ் இருந்தால் போதுமாம், ரைடிங் பூட்ஸ் எல்லாம் வியாபாரத் தந்திரமாம். கீழே எல்லாரும் கைதட்டுகிறார்கள். பார்த்ததிலிருந்து எரிச்சல். நான் பைக்கில் போய் இறங்கி மலைப்பாதையில் நடப்பவன். இரண்டுக்கும் ஒரே ஜோடிதான் வேண்டும். அதற்காக இப்படியா சொல்வது?

பின்பிரேக்:
அந்த ஆளை விடுங்கள். ஒரே சோதனை போதும். குதிகாலை ஒரு கையிலும் முனையை இன்னொரு கையிலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவதுபோல் திருகுங்கள். பூட்ஸ் திருகிக்கொண்டால் அது பைக்குக்கு ஆகாது. முடிந்தது விவாதம்.

ஒற்றையடி:
பின்பிரேக் ஐயா மலையேற்ற பூட்ஸைக் கையில் எடுத்தே பார்த்ததில்லை போலிருக்கிறது. நல்ல மலை பூட்ஸின் சோலுக்குள், அதை விறைப்பாக வைக்க, ஷாங்க் என்ற தகடு இருக்கும். அது லேசில் திருகாது, முன்பாதத்தில் மட்டும் மடியும். அந்த மடிப்பு இல்லாமல் ஏற்றத்தில் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் உள்ளே தூக்கிக்கொள்ளும், மதியத்துக்குள் கொப்புளம். உங்கள் சோதனையில் என் பூட்ஸ் பாஸ். நன்றி.

பின்பிரேக்:
மடிவதைப் பற்றி யார் கேட்டது? திருகுவதைப் பற்றிப் பேசுகிறேன். பைக் சாய்ந்து கால் அடியில் மாட்டும்போது, கால் வைக்கும் கட்டையான ஃபுட்பெக் ஒரு பக்கம், தரை ஒரு பக்கம். அங்கே மடிப்பு என்ன செய்யும்?

புதுச்செருப்பு:
முதலில் ஒரு சந்தேகம். “நடை” என்று எதைச் சொல்கிறோம்? அருவிவரை அரைமணி நேரமா, முதுகுப்பையோடு ஒரு நாள் முழுக்கவா? “பைக்” என்றால் தார்ச்சாலையா, மண்பாதையா? அதைப் பொறுத்துப் பதில் மாறுமே?

தகடு:
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். ஐரோப்பாவில் பைக் பூட்ஸுக்கு ஈ.என். 13634 என்று ஒரு தரம் இருக்கிறது. பூட்ஸின் உள்ளே பைக் ஓட்டுபவர் படமும் நான்கு எண்களும் அச்சிட்டிருக்கும்: உயரம், உராய்வு, வெட்டு, பக்கவாட்டு விறைப்பு. ஒவ்வொன்றும் 1 அல்லது 2. நீங்கள் அடித்துக்கொள்வது அந்த நாலாவது எண்ணுக்காக. ஆனால் அதற்குப் பூட்ஸைத் திருகுவதில்லை. சோலை அகலவாக்கில் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து அமுக்குவார்கள். 20 மில்லிமீட்டர் நசுங்குவதற்கு 1 கிலோநியூட்டன் தேவைப்பட்டால் முதல் நிலை, 1.5 என்றால் இரண்டாம் நிலை. 1 கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய 100 கிலோ எடை. கையால் திருகி இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பின்பிரேக்:
வந்துவிட்டார் அட்டை படிக்கிறவர். முன்பு நடந்த செயின் லூப் (சங்கிலிக்குப் போடும் எண்ணெய்) விவாதத்திலும் இப்படித்தான் டப்பாவின் பின்பக்கத்தை வாசித்துக் காட்டினீர்கள். நான் திருகிப் பார்த்து வாங்கிய பூட்ஸ் என் காலைக் காப்பாற்றியிருக்கிறது. உங்கள் நாலாவது எண் யார் காலைக் காப்பாற்றியது?

தகடு:
செயின் லூபை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அங்கேயும் நான் சொன்னதுதான் சரி.

கரடிக்கால்:
இவ்வளவு எதற்கு? இரும்பு முனை வைத்த தொழிற்சாலை பூட்ஸ் வாங்குங்கள். நடக்கவும் ஆகும், பைக்குக்கும் ஆகும்.

ஒற்றையடி:
இரும்பு முனையோடு இறக்கத்தில் நடந்திருக்கிறீர்களா? விரல்கள் உள்ளே போய் முட்டி நகம் கறுத்துவிடும்.

பின்பிரேக்:
வண்டி மேலே விழுந்தால் இரும்பு முனை மடங்கி விரலை வெட்டும். தெரிந்த விஷயம்.

கரடிக்கால்:
வெட்டுமாம்! தொழிற்சாலை பூட்ஸ் முனையை 200 ஜூல் அடி கொடுத்துச் சோதிக்கிறார்கள். அந்த முனையே மடங்கி விரலை வெட்டும் அளவுக்கு ஒன்று விழுந்தால், சாதாரண பூட்ஸுக்குள் இருக்கும் விரல் மட்டும் பிழைக்குமா?

தகடு:
விரல் சரி, கணுக்கால்? அந்த முனை விரலோடு நின்றுவிடும். கணுக்காலுக்கு அடி தாங்கும் பட்டை இருந்தால் பைக் பூட்ஸில் ஐ.பி.ஏ. என்று தனியாகக் குறித்திருப்பார்கள். தவிர, தடித்த முனை கியர் லீவருக்கு அடியில் நுழையவே மறுக்கும்.

கரடிக்கால்:
லீவரை ஒரு பல் மேலே ஏற்றி மாட்டத் தெரியாதவர்களுக்கு நான் பொறுப்பல்ல.

மூன்றாம்கியர்:
அப்புறம் லேஸ்? மலையேற்ற பூட்ஸில் அதுதான் எனக்குப் பயம். முடிச்சின் வளையம் ஃபுட்பெக்கில் மாட்டிக்கொண்டால், நின்றிருக்கும் வண்டியோடு அப்படியே சாய வேண்டியதுதான்.

ஒற்றையடி:
முடிச்சை உள்ளே செருகினால் தீர்ந்தது. மேலே இருக்கும் உலோகக் கொக்கிகளைத்தான் பார்க்க வேண்டும், லீவரில் மாட்டுபவை அவைதான். லேஸை மூடும் மடிப்பு இருந்தால் இன்னும் நல்லது.

பின்பிரேக்:
லேஸைச் செருகலாம். திருகலை எங்கே செருகுவீர்கள்?

வரப்பு:
சோலில் மஞ்சள் எண்கோண விப்ரம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், போதும். 1935இல் ஆல்ப்ஸில் நண்பர்களைப் பறிகொடுத்த விட்டாலே பிரமானி என்ற மலையேறி உண்டாக்கிய சோல். அவர் பெயரின் சுருக்கம்தான் விப்ரம். மலைக்கென்றே பிறந்தது.

தகடு:
மலைக்குப் பிறந்தது சரி. ஆனால் ஆழமான பள்ளமும் மென்மையான ரப்பரும் பாறையில் பிடிக்கும், பல்லுள்ள ஃபுட்பெக்கில் பிய்ந்துபோகும். அதே நிறுவனம் பைக் பூட்ஸுக்கு வேறு ரப்பரில் சோல் செய்கிறது. முத்திரையை மட்டும் பார்த்து என்ன பயன்?

வரப்பு:
நான் வரலாறு சொன்னேன். உங்களிடம் பாடம் கேட்கவில்லை.

புதுச்செருப்பு:
மறுபடியும் கேட்கிறேன். எவ்வளவு தூர நடை?

பின்பிரேக்:
தூரம் எதற்கு? ஒரு கிலோமீட்டர் நடப்பவன் காலும் பைக்குக்கு அடியில் மாட்டும், பத்துக் கிலோமீட்டர் நடப்பவன் காலும் மாட்டும். இதுவரை எத்தனை பேர் உங்கள் பூட்ஸைத் திருகிப் பார்த்தீர்கள்? ஒருவரும் இல்லை. ஆளுக்கொரு எண், ஆளுக்கொரு முத்திரை. நான் எளிமையாக ஒன்று சொன்னால் மட்டும் கசக்கிறது.

ஒற்றையடி:
எளிமையாக நானும் சொல்கிறேன். என் பூட்ஸ் ஜோடி ஒரு கிலோவைச் சுற்றி. உங்கள் உயர அட்வெஞ்சர் பூட்ஸ் இரண்டு கிலோவைத் தாண்டும். ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்க வேண்டும், உள்ளே கெண்டைக்கால்வரை வேர்த்து ஊறும். களைத்த கால்தான் இறக்கத்தில் புரளும். அந்தக் காயம் காயமில்லையா?

பின்பிரேக்:
கால் புரண்டால் கட்டுப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரலாம். வண்டிக்கு அடியில் நசுங்கினால்?

தகடு:
பார்த்தீர்களா, “நசுங்கினால்” என்கிறீர்கள். நான் சொன்ன சோதனையும் அதுதான்!

பின்பிரேக்:
வார்த்தையைப் பிடித்துத் தொங்காதீர்கள். திருகித்தான் நசுங்கும்.

மூன்றாம்கியர்:
ரைடிங் பூட்ஸில் போய், நடைக்கு லேசான ஷூவைப் பையில் வைத்துக்கொள் என்று தங்கை சொல்கிறாள்.

வரப்பு:
அப்போது ரைடிங் பூட்ஸை எங்கே வைப்பீர்கள்? வண்டியில் தொங்கவிட்டால் திரும்பி வரும்போது இருக்குமா?

கரடிக்கால்:
ஒரே ஜோடி என்று கேட்டவரே இரண்டு ஜோடிக்கு வந்துவிட்டார். இதற்குத்தான் இரும்பு முனை என்றேன்.

பின்பிரேக்:
ஒற்றையடி, பேச்சு போதும். உங்கள் மலை பூட்ஸைத் திருகி ஒரு படம் போடுங்கள். எல்லாரும் பார்க்கட்டும்.

ஒற்றையடி:
பூட்ஸ் ஈரமாக இருக்கிறது. தவிர, நீங்கள் கேட்டால் படம் போட நான் உங்கள் வேலையாள் இல்லை. செயின் லூப் விவாதத்தில் நான் கேட்ட ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) படத்தை முதலில் நீங்கள் போடுங்கள்.

பின்பிரேக்:
அந்தத் திரியையே மூடிவிட்டார்கள். மூட வைத்தது யார் என்று தகடு அவர்களைக் கேளுங்கள்.