மால்டாவில் ஜனவரி: ஆளில்லாத மணற்கரை எது?

தண்டையார்பேட்டைக்காரன்

மகள் மால்டாவில் செவிலியராக வேலை பார்க்கிறாள். பொங்கல் முடிந்த கையோடு நானும் மனைவியும் போய்ப் பன்னிரண்டு நாள் தங்கப்போகிறோம். விசா வந்துவிட்டது, அதைப் பற்றி யாரும் எழுத வேண்டாம்.

எனக்கு வேண்டியது மணல். காசிமேட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவன் நான். கட்டுமரங்களை இழுத்து ஏற்றிய மணல்வெளி என்று என் பாட்டி கை நீட்டிக் காட்டிய இடத்தில் இன்று அலை அடிக்கிறது. துறைமுகச் சுவர் மணலை மறித்ததில் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே எங்களுக்குக் கருங்கல் வந்தது. நாற்பது வருடமாக அந்தக் கல் மேல் உட்கார்ந்துதான் கடல் பார்க்கிறேன். ஒரு தடவையாவது செருப்பைக் கழற்றிவிட்டு, சுண்டல் விற்பவர்கூட வராத கரையில் நடக்க வேண்டும். மெரினாவுக்கே போகலாமே என்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே போய் நின்று பார்த்துவிட்டு எழுதவும்.

கோசோ என்ற பக்கத்துத் தீவுதான் அமைதி என்கிறாள் மகள். அவளுக்கு ஷிப்ட் இருப்பதால் பல நாள் நாங்கள் இருவர் மட்டுமே சுற்ற வேண்டும். மனைவிக்கு முழங்கால் வலி, படிக்கட்டு ஆகாது. கடலில் குளிக்க முடியுமா?

கல்மண்டபத்தார்

ஐயா, சரக்குக் கப்பலில் என்ஜின் பிரிவில் இருந்தவன் நான். கப்பல் பழுது பார்ப்பதற்காக இரண்டு குளிர்காலம் மால்டாவில் கிடந்திருக்கிறேன்.

குளியலை மறந்துவிடுங்கள். அப்போது கடல்நீர் 15, 16 டிகிரிதான். வெயில் இதமாக அடிக்கும். நிழலுக்கு நகர்ந்தால் உடம்பு உதறும். ஐந்தேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும்.

காற்றைப் பார்த்துக் கரையை முடிவு செய்யுங்கள். நம் வாடையைப் போல அங்கேயும் வடகிழக்கிலிருந்து ஒன்று வரும், கிரிகால் என்பார்கள். பவுல் ஏறிவந்த கப்பலை மெலித்தா வரை அலைக்கழித்ததாக விவிலியம் சொல்வது இந்தக் காற்றைத்தான் என்று அங்கே நம்புகிறார்கள். மெலித்தாதான் மால்டா. அது வீசும் நாளில் கோசோவின் வடக்குக் கரைப் பக்கமே தலைவைக்காதீர்கள். தெற்கே இம்ஜார் இஷ் ஷினி என்று, இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஒரு சின்ன விரிகுடா இருக்கிறது. கூழாங்கல் கரைதான், ஆனால் காற்று அண்டாது.

காற்று அடங்கிய நாளில் வடக்கே ராம்லாவுக்குப் போங்கள். செம்மணல். சாலை கரைவரை வருகிறது. பக்கத்திலேயே சான் பிளாஸ் இருக்கிறது, அதுவும் செம்மணல்தான், ஆனால் இறக்கம் செங்குத்து. அம்மாவைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடலாம், ஏறி வருவது யார்?

எண்ணூர்ப் பையன்

நான் இரண்டு வருடமாக இங்கே மால்டாவில்தான் வேலை செய்கிறேன் ஐயா. கோசோவுக்குப் படகு ஏறும்போது டிக்கெட் கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள். அது தெரியாமல் கவுன்டரைத் தேடி ஒரு படகைத் தவறவிட்டவன் சொல்கிறேன். 25 நிமிடப் பயணம்.

கரையில் பழுப்பு நாடாக்களைப் போலக் குவிந்து கிடப்பதைக் கண்டு குப்பை என்று முகம் சுளிக்காதீர்கள். அது பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை. குளிர்கால அலை மணலை வாரிக்கொண்டு போகாதபடி அந்தக் குவியல்தான் முட்டுக்கொடுக்கிறது. லாரி லாரியாகக் கருங்கல் கொட்டியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு முதல் நாள் வயிறு எரிந்தது.

கோசோவில் மார்சல்ஃபோர்ன் என்ற ஊர்ப் பக்கம் கடலோரப் பாறையிலேயே வெட்டிய உப்புப் பாத்திகள் உண்டு. உப்பு எடுப்பது கோடையில்தான். ஆனாலும் அத்திப்பட்டு உப்பளத்தைப் பார்த்த கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியும். வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள்தான் குளிர் அதிகம், எல்லாம் சுண்ணாம்புக்கல் சுவர். கனத்த காலுறை கட்டாயம்.

தண்டையார்பேட்டைக்காரன்

திரும்பி வந்து ஐந்து நாளாகிறது. பன்னிரண்டு நாளில் நான்கு நாள் கிரிகால் அடித்தது. இம்ஜார் இஷ் ஷினிக்கு இரண்டு தடவை போனோம். அங்கேயும் கல் மேல்தான் உட்கார்ந்தேன்.

ராம்லாவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எங்களைத் தவிர ஒரு கிழவரும் அவருடைய நாயும்தான். செருப்பைக் கழற்றினேன். ஈர மணல் ஐஸ்பெட்டிக்குள் காலை விட்டது போல இருந்தது. நூறு அடி நடந்துவிட்டுக் காலுறையை மாட்டிக்கொண்டேன். மனைவி கடற்புல் குவியலின் மேல் துண்டை விரித்து, மெத்தை மாதிரி இருக்கிறது என்று ஒரு மணிநேரம் எழுந்திருக்கவே இல்லை. மார்சாஷ்லோக் என்ற மீனவ ஊரில் படகுகளின் முகப்பில் கண் வரைந்திருந்ததை மட்டும் அவள் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எண்ணூர்த் தம்பி, நீ அத்தனை தெளிவாக எழுதியும் நான் போகும்போது கவுன்டரைத் தேடினேன்.