ஆறு நமக்கும் இருக்கிறதே, சுமேரியாவில் மட்டும் ஏன் நகரமும் எழுத்தும்?

மீனா, ஊத்தான் மெலிந்தாங்:
மகன் முதலாம் படிவம் படிக்கிறான். ‘வளமான மண், ஆற்று நீர், அதனால் நாகரிகம்’ என்று மெசொப்பொத்தாமியா பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்து, “அம்மா, பேராக் ஆற்றிலும் தண்ணீர் ஓடுகிறது, குச்சியை நட்டால்கூட இங்கே துளிர்க்கிறது. அப்புறம் ஏன் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கே நகரம் எழவில்லை?” என்று கேட்டான். கேட்டுவிட்டு அவன் தூங்கிப்போனான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கிராணி:
பையன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான், அம்மா. துளிர்க்கிற குச்சிதான் விடை. சுமேரியா என்பது மெசொப்பொத்தாமியாவின் தென்பகுதி, இன்றைய தென் ஈராக். அங்கே ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாது. நமக்கு 2,000-க்கு மேல். இங்கே விதைத்தவன் வானத்தை நம்பி வீட்டுக்குப் போய்விடலாம். அங்கே வாய்க்கால் வெட்டாமல் ஒரு பார்லிக் கதிரைப் பார்க்க முடியாது. ஆறாவது ஒத்துழைத்ததா என்றால் அதுவும் இல்லை. வடக்கே மலைப் பனி உருகி யூப்ரடீஸ் பெருகுவது ஏப்ரல், மே மாதங்களில், கதிர் அறுக்கும் நேரத்தில். விதைக்கும் காலத்தில் ஆறு இளைத்துக் கிடக்கும். வெள்ளத்தைத் தடுக்கக் கரை, வறட்சிக்கு வாய்க்கால். இரண்டுக்கும் ஆள் வேண்டும். ஆள் என்றால் சோறு, சோறு என்றால் கணக்கு, கணக்கு என்றால் கிராணி, அதாவது என்னைப் போன்ற தோட்டத்துக் கணக்குப்பிள்ளை!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 31 ஆண்டுகள் தோட்டத்தில் பெரட்டு எடுத்தவன் நான். விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கோடு போட்ட கை இது. சுமேரியாவின் உருக் நகரத்தில் கிடைத்த, கி.மு. 3200 வாக்கில் எழுதப்பட்ட களிமண் பலகைகளைப் படத்தில் பார்த்தபோது உடல் சிலிர்த்துவிட்டது. கவிதை இல்லை, அரசன் புகழ் இல்லை. பெரும்பாலானவை பார்லி எவ்வளவு, ஆடு எத்தனை, பீர் யாருக்கு என்ற கணக்குதான். ‘உண்’ என்பதற்கு அவர்கள் போட்ட குறி ஒரு மனிதத் தலை, அதன் முன்னால் ஒரு கிண்ணம். அதே மாதிரிக் கிண்ணங்கள் மண்ணுக்கடியிலிருந்து குவியல் குவியலாக வந்திருக்கின்றன. அச்சில் களிமண்ணை அழுத்திச் செய்தவை. தடித்தவை, சொரசொரப்பானவை, விளிம்பு சாய்வாக வெட்டியவை. அழகுக்கு ஒருவரும் மெனக்கெடவில்லை. கூலிக்காரர்களுக்குப் படி அளந்த கிண்ணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அரிசி அளந்த பால் டின்னுக்கு மூத்த அண்ணன்!

பின்னால், கி.மு. 2100-க்குப் பிறகு, ‘ஊர்’ என்ற சுமேரிய நகரத்தின் அரசர்கள் காலத்தில் மாதக் கணக்கே கிடைக்கிறது. ஆணுக்கு 60 சிலா பார்லி, பெண்ணுக்கு 30. ஒரு சிலா ஏறக்குறைய ஒரு லிட்டர். பெண்ணுக்குக் குறைத்துக் கொடுப்பதை வெள்ளைக்காரத் துரை கண்டுபிடிக்கவில்லை என்று தெரிகிறது. கங்காணிக்கும் தனிக் கணக்கு உண்டு. அவன் ஆட்கள் வேலை செய்த நாள்கள் குறைந்தால் அந்தத் துண்டு, அதாவது பற்றாக்குறை, அடுத்த ஆண்டுக் கணக்கில் அவன் தலையில் ஏறும். நானும் எத்தனையோ மண்டோர்களின் (தோட்டத்து மேற்பார்வையாளர்களின்) துண்டை அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கிறேன்.

தமிழ்நெஞ்சன்:
‘ஊர்’ என்ற பெயரே போதாதா? சுமேரியர்கள் நம் ஆட்கள்தான்.

பழைய கிராணி:
தம்பி, அவர்கள் அந்த நகரத்தை அழைத்தது ‘உரிம்’ என்று. சுமேரிய மொழிக்கு உறவு என்று நிறுவப்பட்ட மொழி எதுவும் இல்லை. நம் பக்கத்துத் தொடர்பைத் தேடுவதென்றால் வியாபாரத்தில் தேடுங்கள். ஊர் அரச கல்லறைகளில் சிந்துவெளியின் சிவப்பு மணிகள் கிடைத்தன. மெசொப்பொத்தாமியாவின் அக்காத் நகர மன்னன் சார்கோன், மெலுஹா கப்பல்கள் தன் துறையில் நின்றதாகப் பெருமை அடித்துக்கொண்டான். மெலுஹா சிந்துவெளிதான் என்பது பலரின் கருத்து.

தண்ணீர்க் கதவு, பாகான் டத்தோ:
கிராணி ஐயா எல்லாப் பெருமையையும் பேனாவுக்கே கொடுத்துவிட்டார். தொடக்கத்தில் இருந்தவை சின்னச் சின்ன வாய்க்கால்கள்; கிராமத்துக்காரர்களே கூடி வெட்டிக்கொள்ளக்கூடியவை. அதற்குக் கிராணியும் வேண்டாம், அரசனும் வேண்டாம். இன்னொன்று, உப்பு. கடல் பெருக்கின்போது நான் வாய்க்காலின் தண்ணீர்க் கதவை மூட மறந்த ஓர் இரவு, உப்பு நீர் புகுந்து ஓரத்து வரிசைச் செம்பனை மட்டைகள் பழுத்துத் தொங்கின. நல்ல மழை பிடித்ததும் மண் கழுவித் தேறிவிட்டது. அங்கே கழுவ மழை ஏது? பாய்ச்சிய நீர் வெயிலில் ஆவியாகும், உப்பு வயலிலேயே தங்கும். கோதுமை குறைந்து, உப்பைத் தாங்கும் பார்லி பெருகியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

மீனா:
நன்றி ஐயா, அண்ணன். காலையில் மகனிடம் படித்துக் காட்டினேன். என் மாமியார் அரிசிப் பீப்பாய்க்குள்ளிருந்து துருப்பிடித்த பால் டின்னை எடுத்து, நிரப்பி, ஆள்காட்டி விரலால் மேலே வழித்துக் காட்டினார். “கடைக்காரன் இப்படித்தான் தலை தட்டுவான், நாங்கள் குவித்துப் போடு என்று சண்டை பிடிப்போம்” என்றார். மகனுக்கு இப்போது புதுக் கேள்வி: உருக்கில் அந்தக் கிண்ணத்தைத் தலை தட்டி அளந்தார்களா, குவித்து அளந்தார்களா?