8 ஏக்கர் தென்னந்தோப்பு, ஏறி ஓட்டுற புல்லு மிஷின் வாங்கலாமா?

கேள்வி: வணக்கங்க, பொள்ளாச்சி பக்கம் 8 ஏக்கர் தென்னை, மரத்துக்கு மரம் 25 அடி, சொட்டுநீர் இருக்கு. மழை முடிஞ்சா இடுப்பு உயரம் புல்லு, காய் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியறதில்ல, ஆளும் கெடைக்கல. ரைடிங் மோவர் வாங்கலாமா, மினி டிராக்டரா?

பதில்: ரைடிங் மோவர் வேண்டாங்க. அது சமமான புல்தரைய அடிக்கடி வெட்டுறதுக்குச் செஞ்சது, நம்ம தோப்புல மட்டை, பன்னாடை, கல்லு எல்லாம் கெடக்கும், பிளேடும் பெல்ட்டும் தாங்காது. 20லிருந்து 25 எச்பி மினி டிராக்டர் எடுத்து பிடிஓல (இஞ்சின் சக்திய கருவிக்குக் குடுக்குற பின்பக்கத் தண்டு) 4 அடி ஸ்லாஷர், அதாவது பிளேடு சுத்தி புல்லு வெட்டுற கருவிய மாட்டுங்க, மத்த நாள்ல டிரெய்லர் போட்டு காயும் ஏத்தலாம்.

பதில்: அண்ணா சொல்றது சரி, ஆனா புல்லு போகட்டும்னு மண்ணைக் கிளர்ற ரோட்டவேட்டர் மட்டும் ஆழமா ஓட்டிராதீங்க, தென்னை வேர் நெறைய மேலாக்கதான் ஓடும், அறுந்துரும். வெட்டுன புல்ல அப்படியே விடுங்க, மூடாக்கு ஆயிடும், ஈரம் நிக்கும். மரத்தடிக்கும் சொட்டுக் குழாய் ஓரத்துக்கும் கையில புடிச்சு வெட்டுற பிரஷ் கட்டர்தான்.

பதில்: வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு ஓட்டிப் பாருங்க, வேளாண்மைப் பொறியியல் துறையில டிராக்டர் விடுறாங்க, மானியமும் அங்கயே விசாரிங்க. ஸ்லாஷர் ஓடும்போது கொழந்தைங்கள தோப்புக்குள்ள விடவே விடாதீங்க, கல்லு ரொம்ப தூரம் தெறிக்கும்.